ஏழாம் தொட்டி

கராம்பு எண்ணெய் இரண்டு சொட்டு.
வாளித் தண்ணீரில் திலாப்பியா சரிகிறது,
மட்டக்குளி பஸ்ஸில் யன்னலோரம்
நித்திரையாகிறவனைப் போல.

அடிமட்டத்தில் பதினெட்டு சென்ரிமீற்றர்.
குடலை மட்டும் உருவித் தட்டில் நீட்டினால்
ஒரு மீற்றரைத் தொடும்.
இவ்வளவு நீள வீதியில்
யார் யார் குடியிருக்கிறார்கள் என்று
வீடு வீடாய் எண்ணுவது என் வேலை.

தீன் பிசைவது இந்திக்க.
கேசின், சோளமா, மீனெண்ணெய்,
கடைசியாய் விற்றமின் தூள்.
முதல் நாலு தொட்டிக்கு எல்லாம்.
ஐந்திலிருந்து எட்டுக்கு
பி பன்னிரண்டை மட்டும் எடுத்துவிட்டு.
அது இளஞ்சிவப்பு. நகக்கண்ணில் ஒட்டினால்
பின்னேரம் வரை இருக்கும்.
"உப்பில்லாத சோறு, பாவம்"
தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லி
ஏழாம் தொட்டிக்கு ஒரு பிடி கூடப் போடப் பார்ப்பான்.
தராசைக் காட்டுவேன்.

பதினாறு வாரம்.
செவுள் வெளிறும், இரத்தம் மெலியும்,
நீந்தி நீந்தி மூலையில் ஒதுங்கும்
என்றெல்லாம் திட்டத்தில் எழுதியிருந்தேன்.
களனி கலங்கிக் காக்கைதீவில் கடலைப் பழுப்பாக்கியது.
இரண்டு தரம் கரண்ட் போய்
டீசலுக்கு ஓடினோம்.
ஒருநாள் காற்றுப் பம்பு நின்றுவிட்டதென்று
நான் கத்த, இந்திக்க ஓடிவந்து
ஈரத் தரையில் வெறுங்காலை வைத்து,
"ஓடுது மிஸ், காலில தெரியுதே" என்றான்.
எனக்குத் தெரியவில்லை.

ஏழாம் தொட்டி கொழுத்தது.

அறுத்துப் பார்த்தோம்.
மூச்சுக்காற்றுப் பட்டால் சுருண்டு சாகிற
செட்டோபாக்டீரியம் என்றொரு கூட்டம்
அந்த நீள வீதியின் இருட்டில்
தானே உலை வைத்து, தானே இறக்கி,
மீனுக்கும் பரிமாறிக்கொண்டிருந்தது.
நாங்கள் அள்ளிக் கொடுத்த தொட்டிகளில்
அதே கூட்டம் ஒதுங்கிப்போய்
வேறு யாரோ வாசலில் கதிரை போட்டிருந்தார்கள்.
எங்கள் எட்டுத் தொட்டியில் இப்படி.
ஒன்பதாவதைப் பற்றி
எனக்கு ஒன்றும் தெரியாது.

கொட்டாஞ்சேனையில் டொக்டர் அருள்நேசம்
இசைக்கவையைத் தட்டி
என் பெருவிரலில் வைத்தார்.
"தெரியுதா?"
"சத்தம் கேட்குது டொக்டர்."
"சத்தத்தைக் கேக்கேல்லை. அதிர்வு?"
ஜம்பட்டா வீதியில் ஒரு லொறி
பின்பக்கமாய் வந்துகொண்டிருந்தது.
"இல்லை."
"மரக்கறி மட்டுமோ?"
"ஓம்."
"மீனாவது சாப்பிடலாமே."
"மீனோடதான் வேலை" என்றேன்.
விரலில் இன்னும் கராம்பு மணத்தது.
அவர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை.

என்னிடமும் இருக்கிறார்கள் உலை வைக்கிறவர்கள்.
ஆனால் தெருவின் கடைசி வளைவில்.
உறிஞ்சும் வாசல் எப்போதோ கடந்துபோய்விட்டது.
பந்தி எழும்பி இலையும் எடுத்தபிறகு
ஆவி பறக்க ஒரு சோறு,
நாள் தவறாமல், ஒருவருக்குமில்லாமல்.

மருந்துக்குப்பியை உடைத்தார்கள்.
அதே சிவப்பு.
ஊசி தசைக்குள் போகும், குடல்வழி போகாது.
ஆகவே அவர்களுக்குச் செய்தி எட்டாது.
எட்டாமலே சமைத்துக்கொண்டிருப்பார்கள்.
இதை நினைத்தபோதுதான்
கொஞ்சம் அழுகை வந்தது.
வலிக்குது போல என்று
நேர்ஸ் பஞ்சை அழுத்திப் பிடித்தாள்.

நாலாவது ஊசிக்கு மறுநாள்
செருப்பைக் கழற்றி ஏழாம் தொட்டியடியில் நின்றேன்.
மீன்கள் தீனுக்கென்று நினைத்து
கண்ணாடியோரம் வந்து வாய் திறந்தன.
குளிர். ஈரம். ஓரத்தில் பாசி.
பிறகு மெல்ல,
தரைக்கு அடியிலிருந்து,
ரீங்காரமாய் ஏதோ ஒன்று,
இடது காலில் மட்டும்.

இந்திக்கவிடம் சொல்லவில்லை.
தராசில் ஏழாம் தொட்டியின் தீனை நிறுத்தேன்.
ஒரு பிடி கூடியிருந்தது.
அப்படியே போட்டேன்.